தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?



ஆண்டு மலருக்கு "அண்ணே, ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று மாணவர் மன்றத்துத் தம்பிகள் வந்து கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். எனக்குக் கவிதை வராது. நிலாவையும் காதலையும் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆளுக்கா பஞ்சம்? மெக்கானிக்கல் படித்த எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் ரெக்கார்டு நோட்டுதான். அதுவும் பாதி, பக்கத்து பெஞ்சைப் பார்த்து!

அப்புறம் யோசித்தேன். உங்களில் பாதிப் பேர் இன்னும் சில மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ ஓசூருக்கோ கோவைக்கோ கிளம்பப் போகிறீர்கள். வேலை தேடுவது எப்படி என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. போன ஊரில் எந்தப் பக்கம் தங்குவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன். நீங்கள் சும்மாவே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா கொத்தனார். பூர்வீகம் இலுப்பூர் பக்கம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வேலை வசதிக்காகப் புதுக்கோட்டைக்குக் குடிவந்தோம். டவுனுக்குள்ளே ராஜ வீதிகளை ஒட்டி ஒரு வீடு, மச்சுவாடியில் ஒரு வீடு, திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு என்று மூன்று பார்த்தார்கள். டவுன் வீடுதான் அம்மாவுக்குப் பிடித்தது. கடைத்தெரு பக்கம், பஸ் ஸ்டாண்டும் பக்கம். அப்பா மூன்று வீட்டு வாசலிலும் ஒரே காரியத்தைச் செய்தார். ஒரு செம்புத் தண்ணீரை வாங்கித் தெருவில் ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவ்வளவுதான்! கடைசியில் திருக்கோகர்ணத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

"ஏன்ப்பா தண்ணிய ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கத்தான். தண்ணி பொய் சொல்லாதுப்பா. வீட்டுக்காரர் சொல்லுவாரு."

அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. திருக்கோகர்ணம் என்ற பேரே ஒரு தண்ணீர்க் கதைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. 'கோ' என்றால் பசு, 'கர்ணம்' என்றால் காது. காமதேனு தன் காதில் கங்கைத் தண்ணீரை ஏந்தி வந்து மகிழ மரத்தடி ஈசனுக்கு அபிஷேகம் செய்தது என்பது தல புராணம். கோயிலும் பாறையைக் குடைந்து எழுப்பியது. ஜீவநதி இல்லாத, வானம் பார்த்த பூமி நம் மாவட்டம். ஊரணி, குளம், கண்மாய் என்று மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பிழைத்த ஜனங்கள் நாம். சமஸ்தானத்து திவானாக 1878-ல் வந்த சேஷய்யா சாஸ்திரியை இன்றும் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருப்பதற்கு, அவர் காலத்தில் டவுன் குளங்கள் சீரானதும் ஒரு காரணம். இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்குத் தண்ணீரின் போக்கு தெரியாமல் போகுமா? எனக்குத் தெரியாமல் போயிற்று. கேளுங்கள்.

2023-ல் டிப்ளமா முடித்தேன். ஜூலையில் சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒரு வருட அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார்கள். மாத உதவித்தொகை 8,000 ரூபாய். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. தெருவுக்குத் தெரு லேத்தும் பிரஸ்ஸும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். என்னோடு நம் செட்டில் இரண்டு பேர் வந்தார்கள். பேர் வேண்டாம், 'அறந்தாங்கி' என்றும் 'கீரனூர்' என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் மூவருக்கும் எழும்பூர் ஸ்டேஷனைத் தாண்டி சென்னையில் எதுவும் தெரியாது.

முதல் வாரம் அறந்தாங்கியின் சித்தப்பா வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு அறை தேடினோம். கீரனூர் கணக்கில் புலி. ஒரு நோட்டில் கட்டம் போட்டான். இடம், வாடகை, அட்வான்ஸ், எஸ்டேட்டுக்கு எத்தனை கிலோமீட்டர், பக்கத்தில் மெஸ் உண்டா என்று ஐந்து பத்தி. என்ஜினீயரிங் டிராயிங் ஷீட் மாதிரி அவ்வளவு சுத்தம்! திருவல்லிக்கேணி மேன்ஷனை அப்போதே அடித்துவிட்டான். பேச்சலர்களின் தலைநகரம் என்று பேர் பெற்றதுதான், ஆனால் காலை ஷிப்டுக்கு அங்கிருந்து வந்து சேர முடியாது. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், முகப்பேர் என்று நடந்தே தேய்ந்தோம்.

நாங்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துப் போனோம். போன பிறகுதான் இடம் எங்களைத் தேர்ந்தெடுக்கிறது என்று புரிந்தது. "பேச்சலர்ஸா? இல்ல தம்பி" என்று கேட்டைச் சாத்தியவர்கள் பாதி. "புதுக்கோட்டையா? புதுக்கோட்டையில எந்தப் பக்கம்? அங்க நீங்க யாரு?" என்று கேட்டவர்கள் மீதி. எந்தப் பக்கம் என்ற கேள்விக்குத் திருக்கோகர்ணம் என்று சொல்லலாம். யாரு என்ற கேள்விக்கு என்ன பதில் எதிர்பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு வீட்டில் அறந்தாங்கி, "நாங்க அப்ரண்டிஸுங்க" என்றான். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குத் தெருமுனை வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் வலித்தது.

ஆறாம் நாள் ஒரு அறை அமைந்தது. அம்பத்தூர் ஏரி நிறைந்து கொரட்டூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து ரெட்டேரிக்குப் போகிற தண்ணீர்ப் பாதையை ஒட்டிய பகுதி அது. அந்தப் பாதை இருப்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. தரைத்தளம், பின்பக்க அறை. வாடகை மூன்று பேருக்கும் சேர்த்து 5,400. ஆளுக்கு 1,800. எஸ்டேட்டுக்கு நடந்தே போகலாம். எங்கள் ஊர் என்ன, ஆள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கீரனூர் நோட்டில் ஐந்து பத்திக்கும் டிக் போட்டான். மேட்டுத் தெருவில் மாடி அறை ஒன்று 7,500-க்கு இருந்தது. ஆளுக்கு 700 ரூபாய் அதிகம் என்று அடித்துவிட்டோம்.

அந்த அறை எங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. வாசற்படிக்குக் குறுக்கே ஓர் அடி உயரத்துக்குப் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர். "பூனை வராம இருக்க" என்றார் வீட்டுக்காரர். பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில். "சின்னப் பிள்ளைங்க கை வைக்கக் கூடாதுன்னு" என்றார். சுவரில் முழங்காலுக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். "புது டிசைனுப்பா" என்றார். மூன்று வருஷம் படித்து, மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் அளக்கத் தெரிந்த நாங்கள் மூவரும் தலையாட்டினோம்!

தீபாவளி முடிந்து நான் திரும்பும்போது அப்பாவும் கூட வந்தார். மகன் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ராத்திரி ரயில், விடிகாலை எழும்பூர், அப்புறம் லோக்கல் ரயில். அறைக்குள் நுழைந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சுவரை விரலால் தட்டினார். தடுப்புச் சுவரைப் பார்த்தார். பிளக் பாயிண்டைப் பார்த்தார். பிறகு ஒரு மக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. எதிரே வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அப்பா நடுத் தெருவில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் மெதுவாக நெளிந்து நேரே எங்கள் கேட்டுக்கு வந்தது.

உள்ளே வந்து, "இங்க ஏரி எந்தப் பக்கம்ப்பா?" என்றார்.

"தெரியலப்பா."

"கலுங்கு?"

"இது சென்னைப்பா. கலுங்காவது ஒண்ணாவது."

"ஏரி இருந்தா கலுங்கு இருக்கும். கலுங்கு இருந்தா தண்ணி போற வழி இருக்கும். இது ஆயக்கட்டு மாதிரி தெரியுது. தண்ணி வாங்குறதுக்குன்னே கெடந்த வயலு. வேற எடம் பாருங்கப்பா."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். "ஊர்ல நாலு வீடு கட்டுனா எல்லாம் தெரிஞ்சிருமாப்பா? இது உங்க திருக்கோகர்ணம் இல்ல. எங்க மானத்த வாங்காதீங்க."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, "சர்டிபிகேட் எல்லாம் எங்க வச்சிருக்க? நான் ஊருக்கு எடுத்துட்டுப் போயிடவா?" என்று மட்டும் கேட்டார். "கம்பெனியில எப்ப வேணா கேப்பாங்க" என்று கொடுக்க மறுத்துவிட்டேன். ஃபைல் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பகலில் மழைக்கு இதமாக பஜ்ஜி தின்றோம். ராத்திரி கரண்ட் போயிற்று. நடுச்சாமத்தில் அறந்தாங்கி எழுப்பினான். "மாப்ள, பாத்ரூம்ல சத்தம் வருது." டார்ச் அடித்துப் பார்த்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. அந்த ஓர் அடித் தடுப்பை அது மதிக்கவே இல்லை. பாத்ரூம் ஓட்டை வழியாகக் கீழேயிருந்து பொங்கி வந்தது. துணியை அடைத்தோம். துணியையும் தள்ளிக்கொண்டு வந்தது. அரைமணி நேரத்தில் கட்டில் சட்டம் வரைக்கும் தண்ணீர்.

மாடியில் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட அவர்களோடு நாங்கள் பேசியதில்லை. அவர்கள்தான் கீழே இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றினார்கள். இரண்டு நாள் அவர்கள் சுட்ட ரொட்டியைத்தான் தின்றோம். அவர்களுக்குத் தமிழ் வராது, எங்களுக்கு ஒடியா வராது. எங்களை 'யாரு' என்று அவர்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எப்படியோ ஒரு போனில் சிக்னல் கிடைத்தது. அப்பாதான் எடுத்தார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்வார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். "மூணு பேரும் மேல ஏறிட்டீங்களா?" என்றார். "ஏறிட்டோம்ப்பா" என்றேன். "சரி, போன்ல சார்ஜ மிச்சம் பிடி" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தண்ணீர் வடிந்து சூட்கேஸைத் திறந்தபோது, பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து டிப்ளமா சர்டிபிகேட் வரைக்கும் ஒரே கூழாக ஒட்டிக்கிடந்தது. மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. மூன்று வருஷப் படிப்பு, அப்பா சாரத்தில் ஏறி நின்று கட்டிய ஃபீஸ், எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அழுதேன்.

ஊரில் எந்தப் பொருள் தொலைந்தாலும் நாம் யாரைக் கூப்பிடுவோம்? அரைக்காசு அம்மனைத்தானே! நவராத்திரியில் அம்மன் காசு கொடுத்த சமஸ்தானத்தின் தெய்வம், நம் பிரகதாம்பாள். அம்மா வெல்லத்தில் பிள்ளையார் பிடித்து வைத்து வேண்டிக்கொண்டாள். அந்தப் புயலில் சான்றிதழ் இழந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் மாற்றுச் சான்றிதழ் தர அரசும் ஏற்பாடு செய்தது. பதிவு செய்தேன், நம் கல்லூரி அலுவலகத்துக்கும் எழுதினேன், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அம்மா அம்மனுக்கு நன்றி சொன்னாள். நான் இரண்டு பேருக்கும் சொன்னேன். ஆனால் நடுவில், ஜனவரியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். ஒரிஜினல் காட்டச் சொன்னார்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நம் செட்டில் இரண்டு பேர் இன்று அங்கே நிரந்தரம். கணக்கைப் பாருங்கள். மாதம் 700 வீதம் ஐந்து மாதத்தில் நான் மிச்சம் பிடித்தது 3,500 ரூபாய்!

இரண்டாம் தடவை அறை தேடும்போது கீரனூர் நோட்டில் பத்திகள் மாறின. வாடகையைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினான். முதல் பத்தி: தண்ணி எங்கிருந்து வருது? இரண்டாவது: மழை பெய்தால் எந்தப் பக்கம் போகுது? மூன்றாவது: ராத்திரி பத்தரைக்கு இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தால் தெரு எப்படி இருக்கும்? அதற்காகவே பத்தரைக்குப் போய் நடந்து பார்த்தோம். பகலில் பார்க்கிற தெரு வேறு, ராத்திரியில் பார்க்கிற தெரு வேறு. தங்கைகள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், தனியாக வேண்டாம், வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அரசு நடத்துகிற 'தோழி' விடுதிகளையும் விசாரித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்பதை நிறுத்திவிட்டோம். இஸ்திரி வண்டிக்காரரிடமும் டீக்கடையிலும் கேட்டோம். "2015-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுண்ணே?" என்று கேட்டால் போதும், கையாலேயே அளந்து காட்டுவார்கள். அந்தத் தெருவின் ரிக்கார்டு எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஊர்ப் பேரும் பேசும், காது கொடுத்தால். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் என்ற பேரிலேயே தண்ணீர் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு, லேக் கிடையாது. அந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் வந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். சென்னை ஜனங்களைக் குறை சொல்லவில்லை. வேலை இருக்கும் இடத்துக்குத்தான் ஆள் வருவான். வந்தவன் கையில் இருக்கும் காசுக்கு எந்த இடம் கிடைக்கிறதோ அங்கேதான் தங்குவான். பள்ளத்தில் வாடகை குறைவு, அதனால்தான் பள்ளத்தில் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறோம். இது நம் தப்பில்லை. ஆனால் தெரிந்தே இருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்தால் ஃபைலையாவது பரண்மேல் வைப்போம்!

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். பழைய கோயில், பழைய ஊர்த்தெரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து மனிதர்கள் பெரும்பாலும் மேட்டில் குடியிருந்து பள்ளத்தில் நட்டார்கள். நாம் இப்போது நடுகிற இடத்தில் குடியிருக்கிறோம். நாங்களும் அம்பத்தூரில் பழைய ஊர்ப் பக்கம் ஒரு மாடி அறையைப் பிடித்தோம். வாடகை 7,500. அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கேட்டார்கள். 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு என்று கீரனூர் எடுத்துச் சொன்னான். பேசிக் குறைத்து, எழுதியும் வாங்கிக்கொண்டோம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவுக்கு போன் செய்து, "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்றேன். பொங்கல் முடிந்து வந்தார். தெருவில் நின்றார். பேசாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. டீக்கடையில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி வந்து நானே ஊற்றினேன். வீட்டுக்காரர், டீக்கடை ஆட்கள், ஸ்கூல் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாசலை விட்டு விலகி, தெருவோரமாக ஓடி, சாக்கடை மூடிக்குள் இறங்கியது.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா" என்றேன்.

"தண்ணி சரியா ஓடுது. அட்வான்ஸக் குடு" என்றார் அப்பா.

தம்பிகளே, தங்கைகளே! போகிற ஊரில் நல்ல வேலை கிடைக்கட்டும், நல்ல கூட்டாளிகள் கிடைக்கட்டும். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றிப் பாருங்கள். நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டில் யாராவது பெரியவர் கூட வந்து பார்க்கிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். சர்டிபிகேட்டை மட்டும் ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

வாழ்த்துகளுடன்,
உங்கள் அண்ணன்,
முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை,
திருக்கோகர்ணம்.